பெண்பாலார் புற்றுநோயும் வளர்ச்சிக் காரணிகளும்

முன்னுரை

வளர்ச்சி என்பது யாவரும் விரும்பும் ஒன்று. குழவி வளர்தல் கண்டு தாய் மகிழ்கின்றாள். பயிர் வளர்தல் கண்டு உழவன் மகிழ்கின்றான். புண் ஆறிப் புதுத்தோல் வளர்தல் கண்டு நோயாளி மகிழ்கின்றான். ஆயினும் அவ்வளர்ச்சியே இடமறியாது, காலமறியாது, அளவும் அறியாது நிகழுமாயின் அதனையே புற்று எனப் பெயரிட்டு அஞ்சுகின்றோம். ஒரே செயல் ஓரிடத்து வாழ்வாகவும் பிறிதோரிடத்துச் சாவாகவும் நிற்றல் யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விஞ்ஞானிகள் கண்ட விடையின் ஒரு பகுதியை, பெண்பாலாரின் உறுப்புக்களைப் பற்றும் புற்றுநோய்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கட்டுரைக்கண் ஆராய்வாம்.

தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவுதல் கூடும். கருப்பை வாய்ப் புற்று ஒன்றினால் மட்டும் 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்டிர் உயிர் நீத்தனர். அவருள் ஏறத்தாழ 80,000 பேர் இந்திய நாட்டினர். இத்துணைப் பேரைக் கொள்ளைகொண்ட நோய், வருமுன் காக்கத்தக்கதும் தொடக்கத்தில் அறியின் தீர்க்கத்தக்கதும் ஆகும். நம் நாட்டிலே தாயும் மகளும் இதனைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டின் தமிழிலன்றோ பேசுவர்? அவர்க்குத் தெளிவான சொற்கள் இல்லையேல், நோய் நாணத்தினுள் ஒளிந்துகொள்ளும். ஆதலின் இச்செய்தியைத் தமிழிற் கூறுதல் தமிழ் மாணவர்க்கு உரிய கடனேயாம்.

சொல்லும் பொருளும்

கறையான் எழுப்பும் புற்று மண்ணின்மேற் சிறிதாகத் தோன்றினும் உள்ளே பல கிளைகளாகப் பரந்து கிடக்கும். இந்நோய்க்கும் அப்பெயர் பொருத்தமுடைத்து. கிரேக்கர் இதனை நண்டின் பெயரால் வழங்கினர். கட்டியினின்று நாற்புறமும் விரிந்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையே அதற்குக் காரணம் என்பர். இரு பெயரும் ஓர் உண்மையைத் தெரிவிக்கின்றன. அஃதாவது, புற்று தான் தோன்றிய இடத்தளவில் நில்லாது பரவும் என்பதே.

நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவும் தன் விருப்பப்படி பெருகுதல் இல்லை. பெருகுக என்னும் ஏவல் புறத்திருந்து வரல் வேண்டும். அவ்வேவலைச் சுமந்து வரும் சிறு புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்பது பெயர். அதனை ஏற்கும் பொருட்டு உயிரணுவின் மேற்புறத்தே அமைந்துள்ள புரதங்களை ஏற்பிகள் என்பர். தூது இலக்கியம் பயின்றார்க்கு இவை புதியன அல்ல. வளர்ச்சிக் காரணி தூது. ஏற்பி தூதினைக் கேட்டு உள்ளே அறிவிக்கும் வாயில்காப்போன்.

முதல் தூது கண்ட வரலாறு

1938-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு யூதர்க்கு எதிரான சட்டங்களை இயற்றியது. அதனால் தூரின் நகரத்து மருத்துவப் பெண்மணி ரீட்டா லெவி-மொந்தால்சினி பல்கலைக்கழகப் பணியினின்று விலக்கப்பெற்றார். அவர் மனந்தளராது, தம் படுக்கையறையையே ஆராய்ச்சிக் கூடமாக்கி, முட்டைக்குள் வளரும் கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்து வந்தார். போர் முடிந்தபின், 1947-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர்க்குச் சென்று விக்டர் ஹாம்பர்கர் என்பாருடன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அங்கே, எலியினின்று எடுத்த ஒருவகைப் புற்றுக் கட்டியைக் கோழிக் கருவில் வைத்தபோது, கருவின் நரம்பிழைகள் மிகுந்து வளர்ந்தன. கட்டியினின்று கசியும் ஏதோ ஒரு பொருளே இதனைச் செய்கின்றது என அவர் துணிந்தார். 1952-இல் ரியோ டி ஜெனீரோ நகரில், கண்ணாடிக் கலத்துள் வளர்த்த நரம்பு முடிச்சின் அருகே அக்கட்டியின் துண்டை வைத்து நோக்கினார். முடிச்சினைச் சுற்றிலும் கதிரவனின் ஒளிவட்டம் போல நரம்பிழைகள் பரந்தன. 1953-இல் ஸ்டான்லி கோஹன் என்னும் வேதியியலறிஞர் அவருடன் சேர்ந்து அப்பொருளைப் பிரித்தெடுக்க முற்பட்டார். பாம்பின் நஞ்சிலும், பின்னர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது மிகுதியாக இருத்தலை அவர்கள் கண்டனர்.

இன்னொரு புதுமையும் நேர்ந்தது. அவ்வுமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, பன்னிரண்டு நாட்கள் கழிந்தே கண் திறக்கும் இயல்புடைய அவை ஏறத்தாழ ஏழாம் நாளிலேயே கண் விழித்தன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்பினை வளர்க்கும் பொருள் இதனைச் செய்யாதென உணர்ந்த கோஹன், வேறொரு பொருள் உண்டெனத் தேடிக் கண்டு 1962-இல் வெளியிட்டார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 53 அமினோ அமிலங்களாலாய ஒரு சிறு சங்கிலி. இவ்விருவர்க்கும் 1986-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

ஈண்டு ஒன்று நினைவுகொள்ளத் தக்கது. முதல் வளர்ச்சிக் காரணி புற்றுக் கட்டி ஒன்றன் வாயிலாகவே வெளிப்பட்டது. ஆயினும் அதன் இயற்கைத் தொழில் நரம்பினை வாழ்வித்தல். தூது தீயதன்று. அஃது எங்கே, எப்பொழுது, எவ்வளவு கேட்கப்படுகின்றது என்பதே நன்மை தீமைகளைப் பிரிக்கின்றது. இக்கட்டுரை முழுதுக்கும் இக்கருத்தே அடிப்படையாகும்.

வாயில்காப்போன் தொழில்

ஏற்பிக்கு மூன்று பகுதிகள் உண்டு. ஒரு பகுதி உயிரணுவின் புறத்தே செவிபோல் நீண்டு நிற்கும். நடுப்பகுதி உயிரணுவின் மென்படலத்தை ஊடுருவி நிற்கும். மூன்றாம் பகுதி உள்ளே கைபோல் அமைந்திருக்கும். தூது வந்து செவியைத் தொட்டவுடன், அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. இணைந்தவுடன் ஒன்றன் கை மற்றொன்றின் கையிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட் என்னும் முத்திரையைப் பொறிக்கின்றது. முத்திரை கண்ட உட்புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, செய்தியை உயிரணுவின் கருவரை கொண்டு செல்கின்றன. கரு அதனைக் கேட்டு, பெருகுக என ஆணையிடுகின்றது.

கேட்ட செய்தி முடிந்தவுடன் அதனை நிறுத்துதலும் இன்றியமையாதது. ஆதலின், தூது ஏற்ற ஏற்பி உயிரணுவினுள் இழுக்கப்பட்டுப் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றது. அழிக்கப்படாவிடின் ஒரே தூது ஓயாத முழக்கமாகிவிடும்.

இவ்வேற்பிக்கும் புற்றிற்கும் உள்ள உறவு 1984-இல் வெளிப்பட்டது. கோழிகளுக்குக் குருதிப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியில் ஒரு துண்டினையே ஒத்திருந்தது. அத்துண்டில் புறச்செவியின் பெரும்பகுதி இல்லை. கை மட்டும் உண்டு. தூது வாராமலே, வந்ததென இடைவிடாது அறிவிக்கும் வாயில்காப்போனை அஃது ஒத்தது.

முறை பிறழும் நான்கு வகை

ஏவலும் ஏற்றலும் பிறழும் வகைகளை நான்காகத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, தூது மிகுதல். பிறர் அனுப்பும் தூதிற்குக் காத்திராது, புற்றணு தானே தூதினைச் செய்து தானே கேட்டுக்கொள்ளுதலும் இதன்பாற்படும். இரண்டாவது, ஏற்பி மிகுதல். ஒரு மரபணு பல படிகளாகப் பெருகுதலால் வாயில்காப்போர் கூட்டமாகத் திரண்டு, மெல்லிய ஒலியையும் பேரொலியாக்குவர். மூன்றாவது, ஏற்பி திரிதல். மரபணுவில் நேரும் சிறு மாற்றத்தால் ஏற்பி தூதின்றியே தொழிற்படும். நான்காவது, தடை நீங்குதல். ஏற்பி செவ்விதாக இருப்பினும், செய்தியை நிறுத்தும் புரதங்கள் கெட்டுவிடும். அல்லது ஏற்பியை அழிக்கும் முறை தடைபடும்.

இனி இவை கருப்பை வாய், கருப்பை, சினைப்பை என்னும் மூன்று உறுப்புக்களிலும் நிகழுமாற்றைக் காண்பாம்.

கருப்பை வாய்

மக்கள் கர்ப்பப்பை வாய் என வழங்கும் உறுப்பிற் புற்று தோன்றுதற்கு மனிதப் பாப்பிலோமா வைரஸே முதற் காரணம் என்பதனை ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் நிறுவினார். அவ்வைரஸின் 16, 18 ஆகிய வகைகளை அவர்தம் குழுவினர் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் கண்டனர். 2008-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வைரஸ் செய்யும் ஈ-6, ஈ-7 என்னும் இரு புரதங்கள், உயிரணுவின் பெருக்கத்தைத் தடுத்துக் காக்கும் நம் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. நம் பொருளுக்கு நெருங்கியது ஈ-5 என்னும் மூன்றாவது புரதம். தூது ஏற்று உள்ளிழுக்கப்பட்ட ஏற்பி அழிவதற்கு, அதனைக் கொண்ட சிறு பையினுள் அமிலத்தன்மை மிகல் வேண்டும். 16-ஆம் வகையின் ஈ-5 அதனை மிகவொட்டாது தடுக்கின்றது. அழியவேண்டிய ஏற்பி மீண்டும் மேற்புறத்திற்கு வந்து தூதினை ஏற்கின்றது. நாம் கூறிய நான்காம் வகைப் பிறழ்ச்சிக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

நோய் முற்றிப் பரவியவழி, குருதிக்குழாய்களை வளர்க்கும் காரணி மிகுந்து தொழிற்படும். அக்காரணியைப் பற்றிக்கொள்ளும் பெவாசிசுமாப் என்னும் மருந்தை வழக்கமான மருந்துகளோடு சேர்த்து 452 பெண்டிரிடையே செய்த சோதனையின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. அவர்தம் இடைநிலை வாழ்நாள் 13.3 மாதங்களினின்று 17 மாதங்களாக உயர்ந்தது. ஆயினும் குருதி அழுத்தம் மிகுதல், உறுப்புக்களிடையே துளை உண்டாதல் முதலிய துன்பங்களும் மிகுந்தன.

கருப்பை

கருப்பையின் உட்படலம் திங்கள்தோறும் வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் வளர்வது. வளர்ச்சியும் ஓய்வும் இத்துணை ஒழுங்காக மாறிமாறி வரும் இடங்கள் உடம்பிற் சிலவே. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அங்கே இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி முதலியவற்றைத் தூண்டிப் படலத்தை வளர்க்கின்றது. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அவ்வளர்ச்சிக்கு அணையிட்டுப் படலத்தைப் பக்குவப்படுத்துகின்றது. தூதும் தடையும் இவ்வாறு ஒத்து நடக்கும் வரையில் அஃது உயிர்க்குத் தொட்டில்.

இவ்வொப்புக் குலைந்தால் நேர்வது யாது? மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனித்துக் கொடுத்து வந்ததனால் கருப்பைப் புற்று மிகுந்தது என 1975-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. உடற்கொழுப்பும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்க வல்லது. உடற்பருமனோடு இன்சுலினும் மிகும். பருமனுற்றார்க்கு இந்நோய் மிகுதியாக வருதற்கு இவை காரணங்களாம்.

கருப்பைப் புற்றுக்களுட் பலவற்றிற் செய்தியை நிறுத்தும் பி-டென் என்னும் புரதம் இழக்கப்படுகின்றது. ஏறத்தாழப் பத்தில் ஒன்றில், நார்த்திசு வளர்ச்சிக் காரணியின் இரண்டாம் ஏற்பி திரிந்து காணப்படுகின்றது. சீரஸ் வகை எனப்படும் கொடிய வகையிலோ, ஒரு பகுதியினர்க்கு ஹெர்-2 என்னும் ஏற்பி அளவின்றிப் பெருகுகின்றது. ஹெர்-2 வியப்புக்குரியது. அதனை நேரே வந்து தொடும் தூது எதுவும் காணப்படவில்லை. தன் உடன்பிறப்பான மற்றை ஏற்பிகளோடு இணைதற்கு அஃது எப்பொழுதும் கைநீட்டி நிற்பது. ஆதலின் அது மிகுந்தால் இணைப்பும் முழக்கமும் மிகும்.

மார்பகப் புற்றிற்கு 1998-இல் இசைவு பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து ஹெர்-2 ஏற்பியைப் பற்றி அடக்கவல்லது. அதனைச் சீரஸ் வகைக் கருப்பைப் புற்றிற் சேர்த்து ஏறத்தாழ 60 பெண்டிரிடையே செய்த சோதனை 2018-இல் வெளியாயிற்று. நோய் முன்னேறாது நின்ற காலம் 8 மாதங்களினின்று 12.6 மாதங்களாக நீண்டது. 2024-இல், அம்மருந்தோடு புற்றணுவைக் கொல்லும் நஞ்சினைப் பிணைத்துச் செய்த மற்றொரு மருந்து, ஹெர்-2 மிகுதியாக உடைய பல உறுப்புப் புற்றுக்களுக்கும் அமெரிக்காவில் இசைவு பெற்றது. வாயில்காப்போர் கூட்டமே, நஞ்சினை உள்ளே புகவிடும் வாயிலாக இங்கே பயன்படுகின்றது. உறுப்பின் பெயரை மட்டும் கேட்டு மருந்து கொடுத்த முறை மாறி, ஏற்பியின் பெயரையும் கேட்டுக் கொடுக்கும் முறை தோன்றியமை ஈண்டு உணரற்பாலது.

சினைப்பை

சினைப்பைப் புற்று ஓசையின்றி வளர்வது. பெரும்பாலும் வயிற்றுள் நீர் கோத்து வயிறு பெருத்த பின்னரே அது வெளிப்படும். அந்நீர் எங்கிருந்து வருகின்றது? 1971-இல் ஜூடா போக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். கட்டி, ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளரவேண்டின் தனக்கெனக் குருதிக்குழாய்களை வருவித்துக் கொள்ளல் வேண்டும். அதனைத் தடுத்தால் கட்டி நின்றுவிடும் என்பதே அது. 1983-இல், குருதிக்குழாய்களைக் கசியச் செய்து வயிற்றில் நீர் தேங்கச் செய்யும் பொருள் ஒன்று புற்றணுக்களினின்று சுரத்தல் அறியப்பட்டது. 1989-இல் நெப்போலியோன் பெராரா முதலியோர் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தனர். ஆராய்ந்தபோது, முன்னர்க் கசியச் செய்த பொருளும் பின்னர் வளரச் செய்த பொருளும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. வயிற்றில் நீரைக் கோப்பதும் கட்டிக்குக் குருதியை ஊட்டுவதும் ஒரே தூதின் இரு தொழில்கள்.

இத்தூதினைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைப் பற்றிய பெரிய சோதனை ஒன்று 2011-இல் வெளியாயிற்று. 1,873 பெண்டிர் பங்குகொண்ட அச்சோதனையில், நோய் முன்னேறாத காலம் 10.3 மாதங்களினின்று 14.1 மாதங்களாக நீண்டது. ஆயின் மொத்த வாழ்நாள் குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுக்கும் எர்லோட்டினிப் என்னும் மருந்தோ, 2014-இல் வெளியான சோதனையில் யாதொரு பயனும் தரவில்லை. சினைப்பைப் புற்றணுக்கள் பலவற்றில் அவ்வேற்பி மிகுந்திருந்தும் இவ்வாறு நேர்ந்தது. என்னை? ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் வழியாக ஏவல் உட்புகும். ஏற்பி மிகுந்திருத்தல் வேறு. புற்று அதனையே நம்பி வாழ்தல் வேறு. இவ்வேறுபாட்டினை அறிவித்தமையின் பயன் தாராத சோதனையும் கல்வியே ஆயிற்று.

அறிவின் எல்லையும் நம் கடமையும்

மேற்கூறிய எண்களை மீண்டும் நோக்குக. நான்கு மாதங்கள், நான்கரை மாதங்கள் என்றே அவை நிற்கின்றன. ஒரு தாய்க்கும் அவள் மக்களுக்கும் நான்கு மாதங்கள் சிறியன அல்ல. ஆயினும் முற்றிய நோயின் பின்னே ஓடும் மருந்து எத்துணை நுண்ணியதாயினும், நோய் முந்தி ஓடிவிடுகின்றது. வளர்ச்சிக் காரணிகள் உயிர்வாழ்க்கைக்கு வேண்டுவன ஆதலின், அவற்றை அடியோடு ஒழித்தலும் இயலாது. எனவே ஏவல் பிறழத் தொடங்கும் நிலையிலேயே கண்டு தடுத்தல் சிறந்த வழியாம்.

அவ்வழி கருப்பை வாய்ப் புற்றிற்கு இன்று திறந்திருக்கின்றது. வைரஸைத் தடுக்கும் தடுப்பூசி உண்டு. 2023-ஆம் ஆண்டு முதல் இந்திய நாட்டிலே செய்யப்பெற்ற தடுப்பூசியும் கிடைக்கின்றது. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம், 2030-ஆம் ஆண்டிற்குள் சிறுமியருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர்க்குப் பதினைந்து வயதிற்குள் தடுப்பூசி, பெண்டிருள் நூற்றுக்கு எழுபதின்மர்க்குச் சோதனை, நோயுற்றாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர்க்குச் சிகிச்சை என இலக்கு வகுத்தது.

சோதனையின் பயனை உலகிற்குக் காட்டியதில் நம் திண்டுக்கல் மாவட்டத்திற்குப் பங்குண்டு. அங்கே 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்டிரிடையே, கருப்பை வாயிற் காடிநீர் போன்ற மென் அமிலத்தைத் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனை நடைபெற்றது. பயிற்சி பெற்ற செவிலியரே அதனைச் செய்தனர். 2007-இல் வெளியான அதன் முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாது, சிறிது அமிலமும் விளக்கொளியும் பழகிய கண்ணும் கொண்டு இத்துணை உயிர்கள் காக்கப்பெற்றன.

கருப்பைக்கும் சினைப்பைக்கும் அத்தகைய எளிய பொதுச் சோதனை இல்லை. ஆதலின் உடம்பு தரும் அறிகுறிகளையே செவிமடுத்தல் வேண்டும். மாதவிடாய் நின்றபின் மீண்டும் காணும் குருதிப்போக்கு, இடையிடையே முறையின்றித் தோன்றும் குருதிப்போக்கு, வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப் பொருமல், சிறிதுண்ட அளவிலே வயிறு நிறைதல் ஆகிய இவை நேரின், மூப்பின் இயல்பெனக் கருதி வாளாவிராது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், வளர்ச்சிக் காரணி இயல்பிற் பகையன்று என்பதும், ஏவலும் ஏற்றலும் தடையும் தம்முள் ஒத்து நடத்தலே நலம் என்பதும், அவை பிறழ்தலே புற்று என்பதும், பிறழும் முறை உறுப்புக்கு உறுப்பு வேறுபடுதலின் மருந்தும் வேறுபடும் என்பதும் போதரும்.

உயிரணு தூதினைக் கேட்டலிற் பிழைபடுதல் நோய் எனக் கண்டோம். அறிகுறி என்னும் தூதினை நாம் கேளாதிருத்தல் அந்நோயை வளர்ப்பதாகும். நம் இல்லங்களிலே அன்னையரும் அக்கையரும் தம் உடற்றுன்பத்தைக் கடைசியாகவே எடுத்துரைப்பர். வீட்டு வேலையும் பிள்ளைகளின் படிப்பும் முடியட்டும் என்று நாட்களைக் கடத்துவர். இவ்விடுமுறையில் ஊர்க்குச் செல்லும் நம் மாணவரும் மாணவியரும் இக்கட்டுரையிற் கண்ட அறிகுறிகளையும், சோதனையின் எளிமையையும், தடுப்பூசியின் பயனையும் தம் வீட்டாரிடம் தெளிந்த தமிழில் நாணமின்றி எடுத்துரைப்பாராக. கற்றதன் பயன் அவ்வளவில் நமக்குக் கைகூடும்.